பிராதில் ஏறிய கை

1

இந்தக் கதை எனக்கு ஒரே ஒரு கேள்வியாகத்தான் வந்து சேர்ந்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஆவணியில் ஒரு முற்பகல், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தேன். ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். சேலை ஓரத்தில் வெள்ளைக் களிமண் காய்ந்து கிடந்தது. பீங்கான் கம்பெனியில் வேலை பார்ப்பவள் என்று விருத்தாசலத்தில் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிராது கட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டாள்:

"ஐயா, கட்டுன பிராத மத்தியானம் வரைக்கும் மட்டும் நிறுத்தி வைக்க முடியுங்களா?"

"அது என்னாம்மா கரண்டா? ஆஃப் பண்ணி ஆன் பண்றதுக்கு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எந்தக் கை வெளங்காமப் போவணும்னு கட்டுனேனோ, அந்தக் கையிலதாங்க இப்ப என் புள்ள இருக்குது" என்றாள்.

சிரிப்பு அடங்கிப்போனது. அவர் கொஞ்சம் திருநீறு எடுத்து அவள் கையில் போட்டார். "கட்டுனவங்கதான் எடுக்கணும், அதுவும் விஷயம் தீந்தப்புறம்தான். நடுவுல நிறுத்துற வழக்கம் இல்ல. நீ போம்மா, அவரு பாத்துக்குவாரு." அவள் வாசலில் நின்ற ஆட்டோவுக்கு ஓடினாள்.

நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். இனிமேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

[வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கத்தில் கொளஞ்சியப்பர்தான் கோர்ட்டு. மாடு காணோமா, தம்பி ஏமாற்றிவிட்டானா, தாளில் எழுதி சாமி முன்னால் வைத்து, கோயில் வாசலில் இருக்கும் முனியப்பர் சூலத்தில் கட்டிவிட்டு வந்துவிடுவோம். அதற்குப் பெயர் பிராது. கேஸ் ஜெயித்தால் திரும்பப் போய் வாபஸ் வாங்க வேண்டும். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது.]

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"பீங்கானுக்குப் பேர் போன விருத்தாசலம் நகரில்" — வேண்டாம். நான்காம் வகுப்புப் பாடம் மாதிரி இருக்கிறது.

"கயல்விழிக்குக் கோபம் வந்தால்" — இது நன்றாகத்தான் போனது. அந்தப் பெண்ணுக்குக் கயல்விழி என்று பெயர் வைத்தேன், அவள் மகனுக்குப் பாரி. அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிற வேலை அவளுக்கு. பையன் தவழ்கிற வயசைத் தாண்டி ஓட ஆரம்பித்திருக்கிறான், கொழுகொழுவென்று பார்க்கிறவர்கள் கண் படுகிற உடம்பு. தொடை இடுக்கில் குடலிறக்கம். அழுதால் எலுமிச்சம்பழம் அளவு புடைத்துக்கொண்டு வரும். ஒருநாள் அது உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டால் குடலுக்கே ஆபத்து, சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் சரி, ஆனால் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டேன். ஆபரேஷன் தியேட்டருக்குள் தாயை விடமாட்டார்கள். கதையோ உள்ளே இருக்கிறது. கயல்விழியோடு நின்றால் நானும் நீங்களும் மூடின கதவையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"டாக்டர் செல்வநாயகி ஒரு" — இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ஒரு என்ன? கொடுமைக்காரியா? தேவதையா? கடைசியில் அப்படியே விட்டுவிட்டேன். அவள் ஒரு மயக்க மருந்து டாக்டர், அவ்வளவுதான். இந்த ஊர்ப் பெண். சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. அவர்கள் வீட்டிலும் பிராது கட்டியிருக்கிறார்கள். பம்புசெட்டு மோட்டாரைக் களவாண்டவன் மேல் அவள் அப்பா கட்டி, அவன் தானாகவே கொண்டுவந்து கிணற்றடியில் வைத்துவிட்டுப் போன கதையைக் கேட்டு வளர்ந்தவள். இது முக்கியம். மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, நாம் செல்வநாயகி பக்கம் போகிறோம். கயல்விழிக்கு என் மேல் வருத்தம்தான். என் மேலும் ஒரு பிராது கட்டாமல் இருந்தால் சரி.

3

முதல் தடவை என்ன நடந்தது என்றால்—

[இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டி எழுதினேன், கை கூசியது.]

முதல் தடவை, பாரி விழித்திருக்கும்போதே ஊசி ஏற்றப் பார்த்தாள் செல்வநாயகி. நரம்பில் ஊசி இல்லாமல் குழந்தையைத் தூங்கவைக்க அவளுக்குப் பயம். தூக்கத்தில் மூச்சுக்குழல் சட்டென்று இறுகிவிட்டால் மருந்து கொடுக்க வழி வேண்டுமே. அது நியாயமான பயம்தான். ஆனால் கொழுகொழு குழந்தைக்கு நரம்பு எங்கே தெரிகிறது? தடவித் தடவிக் குத்தினாள். கையில் இல்லை, மறு கையில் இல்லை, காலில் ஒரு நரம்பு கிடைத்து, அதுவும் உடைந்தது. குழந்தை கத்தக் கத்தக் குடலிறக்கம் புடைத்தது. கடைசியில், இன்றைக்கு வேண்டாம் என்று துணியில் சுற்றி வெளியே கொடுத்து அனுப்பினார்கள். கயல்விழி வீட்டுக்குப் போய் விளக்கு வெளிச்சத்தில் குத்தின இடங்களை எண்ணினாள். பாதியிலேயே நிறுத்திவிட்டாள். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகாமல் மணவாளநல்லூருக்குப் போனாள்.

செல்வநாயகியும் அன்றைக்குத் தூங்கவில்லை. அப்புறம் லீவு போட்டுவிட்டுப் பாண்டிச்சேரிக்குப் போய், ஸ்கேன் வைத்து நரம்பைப் பார்த்துக்கொண்டே ஊசி ஏற்றக் கற்றுக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் சண்டை போட்டு, முறைப்படி அனுமதி வாங்கி, தியேட்டருக்கென்று ஒரு சின்ன ஸ்கேன் மிஷினும் வரவழைத்தாள்.

4

இரண்டாம் தடவை. காலை. தியேட்டருக்கு முன் அறை. பாரிக்குப் பசி. அம்மா சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கயல்விழி கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே இருந்த மிஷினைப் பார்த்தாள்.

"எதுக்கு மேடம் ஸ்கேனு? வயித்துல புள்ள இருக்கறவங்களுக்குத்தான அது? இவனே புள்ள."

"நரம்பு பாக்கறதுக்கும்மா. தோலுக்குக் கீழ எங்க ஓடுதுன்னு இதுல தெரியும். மொதல்ல மாஸ்க் வெச்சுத் தூங்கவெச்சிடுவேன். போன தடவ மாதிரி முழிச்சிருக்கறப்ப நான் குத்த மாட்டேன், தூங்கினப்புறம்தான். அவனுக்குத் தெரியவே தெரியாது."

"ஒரே குத்துலயா?"

"பாக்கறேன்" என்றாள் செல்வநாயகி. ஒரே குத்துதான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

கயல்விழி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்தாள். பிறகு, எதிர்க்கட்சிக்காரனிடம் நேரே போய்ச் சொல்லிவிடுவதுதான் முறை என்று நினைத்தவள் மாதிரி, பட்டென்று சொன்னாள்.

"மேடம், உங்க மேல பிராது கட்டியிருக்கேன்."

"யாருகிட்ட? கலெக்டர்கிட்டயா?"

"கொளஞ்சியப்பர்கிட்ட. பேரு தெரியாது, அதனால பேரு எழுதல. எம் புள்ளையக் குத்துன அந்தக் கை வெளங்காமப் போவணும்னு எழுதிட்டேன். இன்னிக்கு வேற டாக்டர் வருவாங்கன்னு நெனச்சேன். நீங்கதான்னு இப்பத்தான் தெரியுது. தவள தன் வாயாலயே கெட்ட கதையா ஆயிடுச்சு."

இந்த இடத்தில் படித்த டாக்டர் என்ன செய்ய வேண்டும்? சிரிக்க வேண்டும். "அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா" என்று தோளைத் தட்ட வேண்டும். செல்வநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. கிணற்றடியில் திரும்பி வந்த மோட்டார்தான் ஞாபகம் வந்தது. தன்னை அறியாமல் வலது கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டாள்.

"சொன்னது நல்லதுதாம்மா" என்றாள்.

பாரியை உள்ளே கொடுத்துவிட்டு, புருஷன் திலீபனை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கயல்விழி ஆட்டோ பிடித்தாள். எங்கே போனாள் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.

5

இப்போது குழந்தை தூங்கப்போகிறது. சத்தம் போடாமல் படியுங்கள்.

மாஸ்க்கை மூக்குப் பக்கத்தில் காட்டினாள் செல்வநாயகி. இனிப்பு வாசனை. பாரி முதலில் தலையைத் திருப்பினான், பிறகு அதைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தான். நர்ஸ் அமிர்தம் "தூரி தூரி" என்று மெதுவாக ஏதோ பாடினாள். கண்ணிமை ஒருமுறை மேலே போய்த் தாழ்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. மிஷினில் இதயத் துடிப்பு டிக் டிக் என்று எங்கோ தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அறையில் எல்லோருமே கொஞ்சம் தூங்கிப்போனது மாதிரி ஒரு அமைதி. இதை எழுதும்போது எனக்கும் கண் சொக்குகிறது, பொய் சொல்லவில்லை.

அமிர்தம் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டாள். சர்ஜன் சக்கரபாணி கெண்டைக்காலைச் சுற்றி இறுக்கிப் பிடித்தார், ரத்தம் கீழே தேங்கட்டும் என்று. செல்வநாயகி கணுக்காலின் உள்பக்கம் ஜெல் தடவி, இடது கையால் ப்ரோப்பை வைத்தாள். கையில் பிடிக்கிற ஸ்கேன் துண்டுக்கு அதுதான் பெயர். திரை விழித்துக்கொண்டது.

[ஸ்கேன் சமாச்சாரம் எல்லாம் என் அக்கா மகள் காவியா சொன்னது. தியேட்டர் டெக்னீஷியன். தப்பிருந்தால் அவளைக் கேளுங்கள்.]

திரையில் தெரிவது மார்கழி விடியலில் பனி மூடின வயல். எங்கே பார்த்தாலும் சாம்பல். நடுவில் கறுப்பாக, வட்டமாக ஒரு கிணறு. அதுதான் நரம்பு. அவ்வளவு சின்னக் காலுக்குள் அவ்வளவு பெரிய கிணறு இருந்திருக்கிறது, முதல் தடவை ஒருவரும் பார்க்கவில்லை. ஊசி நுனி அந்தப் பனிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளியாக வரும். வந்ததும் அதை நம்பி ஓடக் கூடாது. ப்ரோப்பை ஒரு இம்மி முன்னால் நகர்த்த வேண்டும், புள்ளி மறையும். ஊசியை ஒரு இம்மி தள்ள வேண்டும், புள்ளி வரும். மறையவிட்டு, வரவைத்து, மறையவிட்டு, வரவைத்து, அப்படியே கிணற்றுக்குள் இறங்க வேண்டும். காவியா இதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரே கனவு. பனியில் ஒரு பெண் விளக்கோடு நடக்கிறாள். விளக்கு அணைந்தால் நிற்கிறாள், எரிந்தால் நடக்கிறாள். பின்னால் நானும் போகிறேன். எங்கே போகிறோம் என்று கேட்க வாய் வருவதில்லை.

6

செல்வநாயகி வலது கையில் ஊசியை எடுத்தாள்.

அந்தக் கை வெளங்காமப் போவணும்.

கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம். சரியாகத்தான் இருந்தது. தோலைத் துளைத்தாள். புள்ளி வந்தது. நகர்த்தினாள், மறைந்தது. தள்ளினாள், வந்தது. கிணற்றைப் பார்த்தால், கிணற்றைக் காணோம்.

வெறும் பனி. வட்டம் இல்லை, கறுப்பு இல்லை. வயலை யாரோ உழுது சமன் பண்ணிவிட்ட மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. அந்தக் குத்தில், அரைத் தூக்கத்தில் இருந்த குழந்தையின் காலில் ஒரு சின்ன உதறல். அடுத்த கணம் தொண்டையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. நெஞ்சு உள்ளே இழுத்துக்கொண்டது, காற்று போகவில்லை.

ஊசியை வெளியே எடுத்துவிட்டு மாஸ்க்குக்குத் தாவினாள். தாடையைத் தூக்கிப் பிடித்து, மாஸ்க்கை அழுத்தி, மூச்சுப் பையை மெல்ல அமுக்கிக்கொண்டே இருந்தாள். டிக் டிக் சத்தத்தின் சுருதி இறங்க ஆரம்பித்தது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது என்று அர்த்தம். "வாடா சாமி. வாடா கண்ணு" என்றாள் அமிர்தம்.

7

நிற்கிறேன்.

இங்கே நிறுத்துவது அயோக்கியத்தனம்தான், தெரியும். ஆனால் எழுதுகிறவனுக்கும் மூச்சு வாங்குகிறது. ஒரு சினேகிதர் இந்த இடம் வரைக்கும் படித்துவிட்டு, "குழந்தை செத்துப்போனா கதை எங்கேயோ போயிடும்" என்றார். எங்கே போகும்? எந்த ஊருக்குப் போகும்? அவரை டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். பாரி சாகமாட்டான். குழந்தை உயிரை வைத்து நான் வித்தை காட்டமாட்டேன், இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு யோசனை என்னுடையது. பிராது ஏற்கனவே பலித்துவிட்டது என்று காட்டுவது. கண்ணைக் கட்டிக்கொண்டு குத்துகிற பழைய கை ஒழிந்து, பார்த்துக் குத்துகிற கை வந்துவிட்டது, சாமி கேஸை முடித்துவிட்டார் என்று. அழகாகத்தான் இருக்கிறது. ரொம்ப அழகாக இருப்பதால் சந்தேகமாக இருக்கிறது. கயல்விழியிடம் போய் இதைச் சொன்னால், "வெவரமா பேசறீங்க சார், எம் புள்ளக்கி மூச்சு வந்துச்சா?" என்று கேட்பாள்.

வந்தது. இதோ.

8

மூச்சு வந்தது. முதலில் ஒரு சின்ன விம்மல், பிறகு ஒரு நீளமான இழுப்பு. சுருதி மேலே ஏறியது. குழந்தையின் உதடு மறுபடி சிவந்தது.

"எழுப்பிடலாம்மா" என்றார் சக்கரபாணி. அவர் நெற்றியெல்லாம் வியர்வை. "பாண்டிக்கு அனுப்பிடுவோம். இன்னிக்கு நேரம் சரியில்ல."

செல்வநாயகி மாஸ்க்கை அமிர்தத்திடம் கொடுத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அந்த அம்மா சொன்னது நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது, நான் நம்பவில்லை என்று யாரிடம் சொல்லி என்ன, கை நம்பிவிட்டதே என்று நினைத்தாள். எழுப்பினால் பையன் அழுவான். அழுதால் புடைக்கும். பாண்டி போய்ச் சேர்வதற்குள் சிக்கிக்கொண்டால்? அங்கேயும் யாராவது ஒருத்தர் குத்தித்தானே ஆகவேண்டும்.

தூக்கம் இன்னும் ஆழமாகட்டும் என்று காத்திருந்தாள். காத்திருக்கும்போது, சும்மா, மறுகாலில் ப்ரோப்பை வைத்துப் பார்த்தாள். கிணறு இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது மெல்லச் சப்பையாகி மூடிக்கொண்டது. பகீரென்று கையை எடுக்கப் போனாள். பிடி தளர்ந்ததும் கிணறு மெல்லத் திறந்தது.

அட!

மறுபடி அழுத்தினாள், மூடியது. விட்டாள், திறந்தது. பயத்தில் ப்ரோப்பைப் போட்டு அமுக்கியிருக்கிறாள். பிஞ்சு நரம்பு, அமுக்கினால் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? பாண்டியில் முதல் நாள் முதல் பாடமே அதுதான், ஜெல் மேல் மிதக்கவிடு, அழுத்தாதே என்று. பிராதில் ஏறின வலது கை ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கெடுத்தது இடது கை. அதன் மேல் யாரும் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை.

தன் முகமூடிக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் போகவில்லை.

"என்னம்மா?" என்றார் சக்கரபாணி.

"ஒன்னும் இல்ல சார். இந்தக் காலப் புடிங்க."

இடது கையை மிதக்கவிட்டாள். வட்டம் முழுசாக, அமைதியாகக் கிடந்தது. ஊசி இறங்கியது. குழந்தை அசையவில்லை. புள்ளி வந்தது, மறைந்தது, வந்தது. கிணற்றின் விளிம்பு லேசாகக் குழிந்து, பொத்துக்கொண்டு உள்ளே விட்டது. கறுப்புக்கு நடுவில் வெள்ளைப் புள்ளி. அவசரப்படாமல் இன்னும் கொஞ்சம் நடந்தாள். பிளாஸ்டிக் குழாய் வழுக்கிக்கொண்டு போனது. சிவப்பாக ஒரு துளி எட்டிப்பார்த்தது. அமிர்தம் "கொளஞ்சியப்பா" என்றாள், வாய் தவறி.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அதை விவரிக்க எனக்கு ஒன்றுமில்லை, குடல் இருக்க வேண்டிய இடத்துக்குப் போனது, தையல் போட்டார்கள்.

9

கயல்விழி திரும்பி வந்தபோது பாரி வெளியே வந்துவிட்டிருந்தான், பாதித் தூக்கத்தில், சிணுங்கிக்கொண்டு. திலீபன் மருந்துக் கடைக்குப் போயிருந்தான். அவள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, திருநீற்றை அவன் நெற்றியில் பூசினாள். பிறகு செல்வநாயகியைப் பார்த்தாள்.

"எத்தன குத்து மேடம்?"

[முதல் பிரதியில் இங்கே "ஒன்று" என்று எழுதியிருந்தேன். முதல் குத்து விழுந்த இடத்தில் ஒரு சின்னப் பஞ்சு மட்டும்தான். சாக்ஸ் போட்டால் தெரியாது. ஒரு பொய், எல்லோருக்கும் நிம்மதி. இரவெல்லாம் அந்த "ஒன்று" என்னைத் தூங்கவிடவில்லை. அடித்தேன்.]

"ரெண்டு" என்றாள் செல்வநாயகி. "மொத குத்து என் தப்பு. நான் பயந்துபோயி ஸ்கேன அழுத்திட்டேன், நரம்பு மூடிக்கிச்சு. கொஞ்ச நேரம் மூச்சும் தெணறுச்சு, சரி பண்ணிட்டோம். ரெண்டாவதுல ஏறிடுச்சு. இந்தக் கைதாம்மா அழுத்துனது." இடது கையைக் காட்டினாள்.

கயல்விழி அந்தக் கையைப் பார்த்தாள். "இதுவா? நான் எழுதுனது குத்துற கையயாச்சே."

"ஆமா. அது ஒழுங்காத்தான் இருந்துச்சு."

கயல்விழிக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வாய்கூடக் கோணியது. ஆனால் வந்தது வேறு.

"அன்னிக்கும் கேட்டேன் மேடம். எத்தன குத்துனீங்கன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டேன். யாருமே சொல்லல. துணியில சுத்திக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு யாராச்சும் சொல்லியிருந்தா நான் கோயிலுக்கே போயிருக்க மாட்டேன்."

செல்வநாயகிக்கு முகம் சுண்டிப்போனது. அந்த நாள் அவள் பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தாள். "நான் வந்து சொல்லியிருக்கணும்மா" என்றாள். "வரல."

10

வாபஸ் வாங்கினாளா என்று கேட்பீர்கள். கேளுங்கள். வழக்கம் உங்களுக்கே தெரியும்: கட்டினவர்தான் எடுக்க வேண்டும், விஷயம் தீர்ந்தபிறகுதான் எடுக்க வேண்டும். தீர்ந்ததா என்று அவளைத் தவிர யாரும் சொல்ல முடியாது. டாக்டர் சொல்ல முடியாது. எழுதினவன் என்பதற்காக நான் போய்ச் சூலத்தில் கை வைக்க முடியாது. இப்படி முடி, அப்படி முடி என்று சொல்ல உங்களுக்கும் அதிகாரம் இல்லை.

எனக்குத் தெரிந்த கடைசி விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். கயல்விழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குழந்தை முன்னால் அழ அவளுக்கு இஷ்டமில்லை. முகம் கழுவிக்கொண்டு வரவேண்டும். குழந்தையை யாராவது பிடிக்க வேண்டும். பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில், அமிர்தம் நிற்கிறாள். கயல்விழி அவளைத் தாண்டி இரண்டு எட்டு நடந்து வந்து, செல்வநாயகி முன்னால் பாரியை நீட்டுகிறாள்.

"கொஞ்சம் புடிங்க மேடம். வழுக்குவான், ரெண்டு கையாலயும் புடிங்க."

அங்கேயே நீட்டியபடி நிற்கட்டும். நான் விலகிக்கொள்கிறேன். யாராவது வாங்கிக்கொள்ளுங்கள், பாவம், அவளுக்குக் கை வலிக்கும்.